அப்பா எழுதிக்கொடுத்த நாடு

மலையகத்தில் ரயிலைக் கோச்சி என்பார்கள். 1970களில் பதுளையிலும் ஹட்டனிலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு தலைமன்னாருக்குப் போன கோச்சிக்கு அவர்கள் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. போகிறவர்கள் சன்னலைப் பிடித்தபடி அழுவார்கள். வழியனுப்ப வந்தவர்கள் மேடையில் நின்று மாரில் அடித்துக்கொண்டு அழுவார்கள். டிரங்குப் பெட்டி, சாக்குக் கட்டு, தலையணை மூட்டை, நடுவே எதுவும் விளங்காமல் முழித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள். வண்டி நகர்ந்ததும் சாவு வீட்டு ராகம் கிளம்பும்.

யாரும் சாகவில்லை. அவர்கள் இந்தியாவுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். தமிழக அரசின் காகிதங்களில் அவர்களுக்குத் 'தாயகம் திரும்பியோர்' என்று பெயர். அந்தப் பெட்டிகளில் இருந்த பலர் அந்தத் தாயகத்தை அதுவரை கண்ணால் கண்டதில்லை.

ஊரும் நாடும் ஒரே இடத்தில் அமைந்தவர்களுக்கு வளர்வது இயல்பாக நடந்துவிடுகிறது. தெரு, பள்ளிக்கூடம், பக்கத்து ஊர் என்று வட்டம் விரிந்து விரிந்து ஒரு நாளில் நாடு என்று ஒன்று மனதுக்குள் வந்து உட்கார்ந்துவிடும். இலங்கை மலையகத் தமிழருக்கு அந்த வட்டம் அப்படி விரியவில்லை. தாத்தாவுக்கு ஊர் கடலுக்கு அந்தப் பக்கம். பேரனுக்கு ஊர் தோட்டத்து வரிசை வீடான லயத்தின் வாசல். இருவருக்கும் நாடு எது என்பதை முடிவுசெய்தது ஒரு காகிதம்.

தொடக்கத்தில் இந்தக் குழப்பமே இல்லை. 1820களில் கண்டி மலைகளில் காப்பித் தோட்டங்கள் வந்தபோது திருச்சி, புதுக்கோட்டை, ராமநாதபுரம், மதுரை, சேலம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஆட்கள், ஆள் திரட்டும் கங்காணிகள் பின்னால் போனார்கள். தோணியில் மன்னார்க் கரை சேர்ந்து, அங்கிருந்து காட்டு வழியே ஏறத்தாழ 150 மைல் நடந்து மாத்தளைக்கு. காலரா, பட்டினி, காட்டு விலங்கு என்று வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். ஆனாலும் காப்பி ஒரு பருவப் பயிர். பழம் பறிக்கிற மாதங்களுக்கு ஆள் வேண்டும். பறித்து முடிந்தால் ஊருக்குத் திரும்பலாம். கிராமத்தில் விட்டுவந்த அரைக் காணியும் குலசாமியும் அவர்களை இழுத்துக்கொண்டே இருந்தன. 'கண்டிச் சீமை' என்பது அவர்களுக்குப் பிழைக்கப் போகிற இடம், அவ்வளவுதான்.

1869-ல் காப்பிச் செடியில் இலைத்துரு நோய் கண்டது. பத்து, பதினைந்து ஆண்டுகளில் காப்பி படுத்துவிட, அந்த இடத்துக்குத் தேயிலை வந்தது. ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் 1867-லேயே லூல்கந்துரையில் அதை நட்டு வைத்திருந்தார். தேயிலைக்குப் பருவம் கிடையாது. ஏழெட்டு நாளுக்கு ஒருமுறை கொழுந்து துளிர்த்துக்கொண்டே இருக்கும். ஆண்டு முழுக்கக் கை வேண்டும், அதிலும் பெண்களின் கை வேண்டும். தனியாள் போய்த் திரும்பின காலம் முடிந்து, குடும்பம் குடும்பமாகப் போய்த் தங்குகிற காலம் அங்கேதான் பிறந்தது. ஒரு செடியின் இயல்பு ஒரு சமூகத்தின் பிறப்பிடத்தையே மாற்றிவிட்டதை வரலாற்றில் இவ்வளவு துலக்கமாகப் பார்ப்பது அரிது. தேயிலை வந்த பிறகு பிள்ளைகள் மலையில் பிறந்தார்கள்.

அந்தப் பிள்ளைகள் வளர்ந்த உலகம் சின்னது. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை, அதுதான் காம்பரா. அப்படிப் பத்துக் காம்பரா சேர்ந்தால் ஒரு லயம். விடியுமுன் தப்பு அடித்து எழுப்புவார்கள். அம்மா கைக்குழந்தையைப் பிள்ளை மடுவத்தில் ஆயாவிடம் விட்டுவிட்டு, சாக்குப் படங்கை இடுப்பில் சுற்றிக்கொண்டு பெரட்டுக்களத்துக்கு ஓடுவாள். பெரட்டு என்றால் காலையில் ஆள் எண்ணி வேலை பிரிக்கிற கூட்டம். அங்கே துரை, கண்டாக்கையா, கணக்கப்பிள்ளை, கங்காணி என்று அதிகாரம் படிப்படியாக நிற்கும். தோட்டத்துப் பள்ளிக்கூடம் பெரும்பாலும் ஒரே வாத்தியார், ஒரே கொட்டகை, ஐந்தாம் வகுப்போடு சரி. அதற்கப்புறம் தோட்டத்தில் பேர் பதிய வேண்டியதுதான். செக்ரோல் என்ற அந்த ஆள் பதிவேட்டில் பேர் ஏறிய நாள்தான் பிள்ளை ஆளான நாள். மாசி மாதம் காமன் கூத்து நடக்கும். தாத்தா கொண்டுவந்த கூத்து. ரதியும் மதனும் பனிமூட்டத்தில் கம்பளியைத் தோளில் போட்டுக்கொண்டு ஆடுவார்கள். கூத்து தமிழ்நாட்டுடையது, குளிர் மலையகத்துடையது. பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைக்கு இரண்டும் ஒன்றுதான்.

காகிதத்தின் ஆட்சி அப்போதே உண்டு. கங்காணியிடம் பட்ட கடனை எழுதிய 'துண்டு' என்ற சீட்டு இல்லாமல் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக முடியாது. அந்தத் துண்டு முறை 1921-ல்தான் ஒழிந்தது. ஆனால் துண்டு கட்டிப்போட்டது ஆளைத்தான். நாடு எது என்று அது கேட்கவில்லை. அந்தக் கேள்வி விடுதலையோடு சேர்ந்து வந்தது.

1946 கணக்கெடுப்பின்படி இலங்கையில் 'இந்தியத் தமிழர்' 7,80,589 பேர். நாட்டு மக்கள் தொகையில் 11.7 சதவீதம். 1947 தேர்தலில் அவர்கள் வாக்களித்தார்கள். இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் 7 பேர் நாடாளுமன்றம் போனார்கள். நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமான், தலவாக்கலையில் சி.வி. வேலுப்பிள்ளை. இந்த இரண்டு பேரின் பிறப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். தொண்டமான் ராமநாதபுரம் சீமையில் முனைப்புதூரில் 1913-ல் பிறந்து, சிறுவனாக இருக்கும்போது அப்பாவிடம் இலங்கை வந்தவர். அப்பா தொழிலாளியாகப் போய்ப் பெருங்கங்காணியாகி, வேவண்டன் தோட்டத்துக்கே உரிமையாளர் ஆனவர். வேலுப்பிள்ளை 1914-ல் மடகும்புர தோட்டத்தில் பிறந்தவர். ஆங்கிலத்தில் கவிதை எழுதியவர். தோட்டத்துப் பாட்டிகளின் வாயிலிருந்து நாட்டார் பாடல்களைச் சேர்த்தவர். ஒருவர் கடல் கடந்து வந்த பிள்ளை, இன்னொருவர் மலையிலேயே பிறந்த பிள்ளை. அடுத்த ஆண்டு வந்த சட்டத்தின் முன் இந்த வித்தியாசம் பெரிதாக எடுபடவில்லை.

1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் 'நீ எங்கே பிறந்தாய்' என்று கேட்டதோடு நிற்கவில்லை. 'உன் அப்பா எங்கே பிறந்தார், அப்பாவின் அப்பா எங்கே பிறந்தார்' என்று கேட்டது. லயத்தில் பிறந்த பாட்டனுக்குப் பிறப்புச் சாட்சிப் பத்திரம் யார் எடுத்து வைத்திருப்பார்கள்? கைரேகை வைக்கிறவர்கள் வீட்டில் எந்தப் பெட்டியில் அது இருக்கும்? 1949-ல் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர்களுக்கென்று தனிச் சட்டம் போட்டு, இத்தனை ஆண்டு இடைவிடாமல் இங்கே இருந்ததாக நிரூபித்தால் குடியுரிமை என்றார்கள். சுமார் 8,24,000 பேருக்காக விண்ணப்பங்கள் போயின. ஏற்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 1,34,000 பேர்தான். அதே 1949-ல் தேர்தல் சட்டத்தைத் திருத்தி, குடியுரிமை இல்லாதவரின் வாக்கையும் எடுத்துவிட்டார்கள். 1947-ல் வாக்குப் போட்ட கை 1952-ல் வெறுமனே தொங்கியது. இதை ஒரு சட்ட நுணுக்கமாக மட்டும் எழுதிவிட்டுப் போவது அந்த மக்களுக்குச் செய்யும் துரோகம். நாட்டின் ஏற்றுமதி வருமானத்தைக் கூடையில் சுமந்துவந்தவர்களை நாடு தன் பிள்ளைகள் என்று சொல்ல மறுத்தது.

அந்த அடியில்தான் மலையகத்தின் மனம் மாறத் தொடங்கியது. நேரு 1939-ல் கொழும்பு வந்தபோது உருவான அமைப்பு இலங்கை இந்தியக் காங்கிரஸ். பேரிலேயே இந்தியா இருந்தது. அதில் அவர்களுக்குப் பெருமையும் இருந்தது. அதன் தொழிற்சங்கம் 1950-ல் பெயரை மாற்றிக்கொண்டு இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் ஆயிற்று. 'இந்திய' என்ற சொல் உதிர்ந்தது. நாங்கள் இங்கத்து ஆட்கள் என்று பெயர்ப்பலகையே சொல்ல வேண்டியதாயிற்று. ஒரு தலைமுறை வயதுக்கு வந்ததன் அடையாளம் அந்த ஒரு சொல் நீக்கம்.

அடுத்த தலைமுறை இன்னும் ஒரு படி மேலே போனது. ஐந்தாம் வகுப்பைத் தாண்டிப் படித்துவிட்ட முதல் கூட்டம் 1960களில் ஹட்டன், பதுளை, கண்டிப் பள்ளிகளிலிருந்து வெளியே வந்தது. ஹட்டன் ஹைலண்ட்ஸ் கல்லூரியில் இர. சிவலிங்கம் போன்ற ஆசிரியர்கள் அவர்களைத் தட்டியெழுப்பினார்கள். வீரகேசரியில் எஸ்.எம். கார்மேகம் தோட்டத்து இளைஞர்களை எழுத வைத்தார். மலைநாட்டு எழுத்தாளர் மன்றத்தின் போட்டிகளில் பரிசு பெற்ற சிறுகதைகள் 1971-ல் 'கதைக்கனிகள்' என்று தொகுப்பாயின. இவர்கள்தான் 'இந்திய வம்சாவளி' என்பதைத் தள்ளிவிட்டு 'மலையகம்' என்ற சொல்லை எடுத்து மார்பில் குத்திக்கொண்டவர்கள். வெளியே கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் அவர்களுக்கு வேறு பெயர்கள் இருந்தன. தோட்டக்காட்டான், கள்ளத்தோணி. வசைக்கு விடையாக ஒரு நிலத்தின் பெயரையே தங்கள் பெயராக ஆக்கிக்கொண்டார்கள்.

தெளிவத்தை ஜோசப் 1934-ல் பதுளைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். சிறுவயதில் கும்பகோணத்தில் படிக்கப் போய்த் திரும்பியவர். பழைய கணக்கில் சொன்னால் தாய்நாட்டில் போய்ப் படித்து வந்த பிள்ளை. அவர் வளர்ந்து எழுதிய சிறுகதைத் தொகுதிக்கு வைத்த பெயர் 'நாமிருக்கும் நாடே'. அந்த ஏகாரத்தில் எவ்வளவு அழுத்தம்!

ஆனால் சொல் பிறந்த அதே நேரத்தில் ஆட்கள் பிரிந்துகொண்டிருந்தார்கள். 1964 அக்டோபர் 30-ஆம் தேதி டில்லியில் இரு நாட்டுப் பிரதமர்களான சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால்பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். நாடற்றவர் என்று கணக்கிடப்பட்ட 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பிறகு 1974-ல் சிறிமாவோவும் இந்திரா காந்தியும் அந்த மீதியைப் பாதிப்பாதியாக 75,000 என்று பிரித்தார்கள். பங்காளிகள் களத்துமேட்டில் நெல் அளந்து பிரிக்கிற மாதிரி. தோட்டத்து மக்களை யாரும் கேட்கவில்லை.

விண்ணப்பம் போடச் சொன்னார்கள். 1970 ஏப்ரல் 30 கடைசி நாள். இலங்கையே வேண்டும் என்று எழுதிக்கொடுத்தவர்கள் 6 லட்சத்துக்கும் மேலே, இடமோ 3 லட்சம். அந்த ஓர் எண்ணிக்கை போதும், அவர்கள் மனது எங்கே இருந்தது என்று காட்டுவதற்கு.

1958-ல் ஹட்டன் பக்கத்து லயத்தில் பிறந்த ஒரு பெண்பிள்ளையை எண்ணிப் பார்க்கலாம். அப்பா விண்ணப்பம் போடும்போது அவளுக்கு வயது பதினொன்றோ பன்னிரண்டோ. குடும்பத் தலைவரின் காகிதத்தில் அவள் ஒரு வரி. பள்ளியில் காலையில் பாடுவது இலங்கையின் தேசிய கீதத்தின் தமிழ் வடிவம். 1972-ல் அந்த நாட்டின் பெயரே சிலோன் போய் ஸ்ரீலங்கா ஆகிறது. புதுப் பெயரை எழுதிப் பழகுகிறாள். பதினான்கு, பதினைந்து வயதில் செக்ரோலில் பேர் ஏறுகிறது. 1973-75 பஞ்சத்தில் தோட்டத்தில் மாவும் அரிசியும் கிடைக்காமல் ஆட்கள் வீங்கிச் சாவதைப் பார்க்கிறாள். பதினெட்டு வயதில், கண்டியிலிருந்த இந்தியத் தூதரக அலுவலகம் அனுப்பிய கடிதம் வருகிறது. அவள் இந்தியப் பிரஜை. வயது வந்துவிட்ட அண்ணன் தனியாகப் போட்ட விண்ணப்பத்தில் அவன் இலங்கைப் பிரஜை. அப்பா எழுதிக்கொடுத்த நாட்டுக்கு அவள் போக வேண்டும். தங்கச்சி 1964-க்குப் பிறகு பிறந்தவள். ஒப்பந்தத்தின் மொழியில் அவள் 'இயற்கைப் பெருக்கம்'.

இப்படிப் பிரிந்த குடும்பங்களில் ஒன்றின் பேரனை உலகமே அறியும். முத்தையா முரளிதரனின் தாத்தா 1920-ல் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்குப் போனவர். பின்னாளில் திருச்சிக்குத் திரும்பிவிட்டார். மகன் முத்தையா கண்டியிலேயே தங்கிவிட்டார். அந்த மகனின் மகன் இலங்கைத் தொப்பியை அணிந்து 800 டெஸ்ட் விக்கெட் எடுத்தார்.

கோச்சி பொல்காவலை, மாகோ, மதவாச்சி என்று சந்தி சந்தியாகத் திரும்பித் தலைமன்னார்த் துறையில் போய் நிற்கும். 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்துவிட்டதால் கப்பல் ராமேஸ்வரத்துக்குத்தான் போகும். அங்கே பெட்டி திறப்பு, பிறகு மண்டபம் முகாம். கையில் ஒரு குடும்ப அட்டை இருக்கும். யாருக்கு எங்கே வேலை, எது கடன் என்று அதில் எழுதியிருக்கும். 'வியாபாரக் கடன்' 5,000 ரூபாய் பலருக்குக் கிடைத்தது. கொழுந்து பறிப்பதும் கவ்வாத்து வெட்டுவதும் தவிர வேறு தெரியாதவர்களைக் கடை வைக்கச் சொன்ன திட்டம் அது. வறண்ட கிராமத்தில் கடை வைத்துப் பணத்தைத் தொலைத்தவர்கள் மறுபடி குளிரைத் தேடி மலை ஏறினார்கள். கொடைக்கானல் காடுகளில் கொத்தடிமையாகச் சிக்கியவர்களும் உண்டு. கூட்டுறவு நூற்பாலைகள், கன்னியாகுமரி ரப்பர், கர்நாடகத்தின் சுள்ளியா, நிக்கோபாரின் கட்சல் தீவு என்று சிதறினார்கள்.

கொஞ்சம் கொடுத்துவைத்தவர்கள் நீலகிரிக்குப் போனவர்கள். அவர்களுக்கு வேலை தருவதற்காகவே 1968-ல் வனத்துறை தொடங்கிய தேயிலைத் தோட்டங்கள் 1976-ல் டான்டீ என்ற அரசு நிறுவனமாயின. குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர், சேரம்பாடி. அதே குளிர், அதே கொழுந்து, அதே லயம். ஹட்டனைத் தூக்கிவந்து வைத்தது போல இருந்தது. ஒன்று மட்டும் மாறியிருந்தது. அங்கே 'இந்தியாக்காரன்' என்று விரட்டினார்கள். இங்கே வந்ததும் 'சிலோன்காரன்' என்று விலக்கினார்கள். பதினெட்டு வயதில் இந்தியாவில் வந்து இறங்கிய பிள்ளைகள், தாங்கள் எவ்வளவு தூரம் இலங்கைக்காரர்கள் என்பதைப் பேச்சிலும் சாப்பாட்டிலும் கண்டுகொண்டார்கள். தேத்தண்ணி என்றால் கடையில் சிரித்தார்கள். ரொட்டிக்குத் தேங்காய்ச் சம்பல் இடிக்கும் உரல் சத்தம் அடுத்த வீட்டுக்கு விநோதமாக இருந்தது. இர. சிவலிங்கமும் இந்தியா வந்து சேர்ந்தவர். ஹட்டனில் 'இது நம் நாடு' என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த ஆசிரியர், நீலகிரியில் தாயகம் திரும்பியோரின் உரிமைக்காகக் கூட்டம் கூட்டினார்.

அவர்கள் பிள்ளைகள் காலத்தில் நிலைமை மறுபடி திரும்பியது. கோத்தகிரியில் பிறந்தவனுக்கு இலங்கை என்பது அம்மா சொல்கிற கதை. அவன் இந்தியாவில் வாக்குப் போடுகிறான், கோவையில் வேலைக்குப் போகிறான். ஆனால் அம்மா ஓய்வுபெற்றால் டான்டீ வீட்டைக் காலி செய்ய வேண்டும். நாற்பது ஆண்டு உழைத்தும் சொந்தமாக ஒரு சென்ட் மண் இல்லை. 2022-ல் நட்டம் காட்டி டான்டீயின் சுமார் 2,150 ஹெக்டேரை வனத்துறையிடமே திருப்பி ஒப்படைக்க அரசு முடிவெடுத்தபோது, வயதான பெண்கள் மறுபடி ஒரு காகிதத்தைப் பார்த்து எங்கே போவது என்று கேட்டார்கள்.

அந்தப் பக்கம் 1984-ல் கப்பல் நின்றது. அதற்குள் பிள்ளைகளையும் சேர்த்து ஏறத்தாழ 4,60,000 பேர் இந்தியா வந்து சேர்ந்திருந்தார்கள். இந்தியக் கடவுச்சீட்டுடன் சுமார் 84,000 பேர் இலங்கையிலேயே நின்றுபோனார்கள். 1981 கணக்கெடுப்பில் இந்தியத் தமிழரின் பங்கு 5.5 சதவீதமாகச் சுருங்கியிருந்தது. எஞ்சியவர்களுக்கு 1988-லும் 2003-லும் வந்த சட்டங்கள் ஒருவழியாகக் குடியுரிமை கொடுத்தன. 2023-ல், முதல் கூட்டம் வந்து 200 ஆண்டு ஆனதை நினைத்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்குப் பாட்டன்கள் நடந்த வழியிலேயே பேத்திகளும் பேரன்களும் நடந்தார்கள். அந்த நடைபயணத்துக்கு அவர்கள் வைத்த பெயர் 'மாண்புமிகு மலையக மக்கள்'.

இன்னும் கணக்கில் வராத ஒரு கூட்டம் உண்டு. 1958, 1977 கலவரங்களில் தோட்டங்களை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் ஓடிய மலையகத்தார், அங்கும் போர் துரத்த, 1983-க்குப் பிறகு படகேறித் தமிழ்நாட்டுக்கு வந்தார்கள். பாட்டன் புறப்பட்ட மாவட்டத்துக்கே பேரன் அகதியாக வந்து சேர்ந்தான். 2021-ல் அரசு சொன்ன கணக்குப்படி 108 முகாம்களில் 58,822 பேர். அவர்களில் மலையக வழியினர் கணிசம். அந்த ஆண்டு ஆகஸ்டில் 'அகதிகள் முகாம்' என்ற பெயரை எடுத்துவிட்டு 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்றார்கள். 2019-ல் இந்திய வம்சாவளியினர் 65 பேர் தொடுத்த வழக்கில், அவர்களின் குடியுரிமைக் கோரிக்கையைப் பரிசீலிக்கும்படி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொன்னது.

இந்தியக் குடியுரிமைச் சட்டத்தில் ஒரு தேதி இருக்கிறது: 1987 ஜூலை 1. அதற்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியர். அதற்குப் பின் பிறந்தால் அப்பாவோ அம்மாவோ இந்தியராக இருக்க வேண்டும். முகாமில் ஒரே தகரக் கூரையின் கீழ் 1986-ல் பிறந்த அக்காவும் 1989-ல் பிறந்த தம்பியும் ஒரே பள்ளிக்குப் போனார்கள், ஒரே தேசிய கீதத்தைப் பாடினார்கள். அக்காவுக்கு வாக்காளர் அட்டை கேட்க வழியுண்டு. தம்பியிடம் விண்ணப்பம் கேட்கிற கேள்வி, 1948-ல் அவன் தாத்தாவிடம் கேட்ட அதே கேள்வி: உன் அப்பா யார், எந்த நாடு?